பின்னால வாரவுகளுக்கு

எங்க வீட்டு மனுசன், கல்யாணமான புதுசுல, என் கழுத்து மஞ்சக்கயித்துல நிறம் மங்குறதுக்கு முன்னாடியே, தென்காசிக்கு வெளிய பைபாஸ் ரோட்டோரம் ஒரு மனைய வாங்கிப் போட்டாரு. யாருக்குன்னு கேட்டேன். பின்னால வாரவுகளுக்குன்னாரு. பின்னால யாரு வாரான்னு திரும்பிப் பாத்தேன், ஒரு ஆட்டுக்குட்டிதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குப் பிடிச்ச எரிச்சல் எனக்கு, இன்னும் விட்டபாடில்ல.

பிள்ளைக்குக்கூட இல்லயாம், பேரனுக்காம். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துல கூட்டம் நடக்கு, சாப்பாடும் போடுதாகன்னு போன இடத்துல, டை கட்டுன ஒருத்தன் மேடையேறி, பிள்ளைக்குப் போட்டா பிள்ளை காலத்துலயே கரைஞ்சிரும், பேரப்பிள்ளைக்குப் போடுங்க, வெள்ளனப் போடுங்க, எவ்வளவு வெள்ளனப் போடுதீகளோ அவ்வளவுக்கு வளரும்னு சொல்லி அனுப்பியிருக்கான். இவரு அத அப்படியே பிடிச்சுக்கிட்டு, வெள்ளனப் போடணும் சம்முவடிவு, வெள்ளனப் போடணும்னு பல்லு விளக்கையிலயும் சொல்லுதாரு, பாத்திரக்கடைய அடைச்சுட்டு வந்து சோத்துல கை வைக்கையிலயும் சொல்லுதாரு. மனைக்குச் சுத்துச்சுவர் எழுப்ப என் சங்கிலி போச்சு, சுவருக்கு இரும்புக் கேட்டு மாட்ட என் வளையல் போச்சு. குத்தால மலையில சாரல் விழுந்தா எங்க அடுப்படி ஓடு ஒழுகும், கடையில விக்காத சட்டி பானையக் கொண்டாந்து ஒழுகுற இடத்துக்கு ஒண்ணா வச்சிட்டு, அந்த டொக்கு டொக்கு சத்தத்துக்கு நடுவுலதான் நான் இத்தன வருசமும் தோசை சுட்டிருக்கேன். ஓட்ட மாத்துங்கன்னா, பேரன் வந்து மாடி கட்டுவான்லாங்குறாரு. எவனோ கட்டப்போற மாடிக்கு இப்ப என் தலை நனையுது, இது என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

எங்களுக்கு ஒத்தப் பிள்ளை, உலகம்மை. உலகுன்னு கூப்பிடுவோம். அவ மத்தப் பிள்ளைக மாதிரி இல்ல, ஓடுற மிக்ஸிய நிறுத்தி, இது ஏன் ஓடுதுன்னு பிரிச்சுப் பாக்குற ரகம். தெருவுல எந்த வீட்டு ஃபேன் நின்னாலும் அவளைத்தான் கூப்பிடுவாக. ஆகாசத்துல ஏரோப்பிளேன் சத்தம் கேட்டாப் போதும், கையில இருக்குறத அப்படியே போட்டுட்டு வெளிய ஓடிருவா. பன்னெண்டாவது முடிச்சதும், ஏரோப்பிளேன் ரிப்பேர் பாக்குற படிப்பு மெட்ராசுல இருக்கு, படிச்சா அதத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா. சீட்டும் கிடைச்சுட்டு. ஆடி முடியுறதுக்குள்ள பணம் கட்டணும், கட்டலன்னா சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிரும். மனைய வித்தா அவ படிக்கலாம், அதவிட்டா எங்களுக்கு வேற நாதியில்ல. இவரு காதுல ஏறுச்சா. அது எனக்குச் சொந்தமில்ல உலகு, பேரனுக்குச் சொந்தம், அடுத்தவன் சொத்த நான் எப்படி விக்கன்னு பெத்த பிள்ளைகிட்டச் சொல்லுதாரு. அவ அவர ஒரு பார்வை பாத்துட்டு, பிரிச்சுப் போட்ட மிக்ஸியத் திரும்ப மாட்டாமலே எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாள் காலையில, மிக்ஸி இல்லாத எரிச்சலோட நான் அம்மியில சட்னி அரைச்சுக்கிட்டு இருக்கையில, பொறவாசல் கதவத் தூக்கித் தள்ளிக்கிட்டு எழுவது வயசுப் பெரிய மனுசர் ஒருத்தர் உள்ள வந்தாரு. அந்தக் கதவ அப்படித்தான் திறக்கணும், சாரல்ல ஊறி உப்பிப்போன கதவு, சும்மா தள்ளுனா அசையாது, லேசாத் தூக்கித் தள்ளணும், அது எங்க வீட்டு ஆட்களுக்கு மட்டுந்தான் தெரியும். நரைச்ச தலை, துவைச்ச வேட்டி, கையில ஒரு மஞ்சப்பை. வாளித் தண்ணிய மோந்து காலக் கழுவிட்டு, பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த எங்க வீட்டு மனுசனப் பாத்து, "தாத்தா, நல்லாருக்கீகளா"ன்னாரு. என்னப் பாத்து, "ஆச்சி, காப்பி கிடைக்குமா"ன்னாரு.

எனக்கு அப்ப வயசு நாப்பத்தொண்ணு.

இவரு பேப்பர மடிச்சு வச்சிட்டு, ஒரு பார்சல் சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்து சேந்த மாதிரி, "பாத்தியா, வெள்ளனப் போட்டேன், வெள்ளன வந்துட்டான்"ன்னாரு. பின்னால வாரவுக, பின்னால வாரவுகன்னு சொல்லிச் சொல்லி, சொன்ன சொல்லு மாறாம பொறவாசல் வழியா வந்து நிக்குது. நான் என்ன செய்ய, காப்பி போட்டேன். மத்தியானம் சோறு போட்டேன். சோத்த மோந்து பாத்துட்டு, "என்ன ஆச்சி, கருகல் வாடையே காணோம்"ன்னு அதிசயமாக் கேட்டாரு. என் சமையலப் பாத்து ஒருத்தர் கருகலயான்னு கேட்டது அதுதான் முதல் தடவ, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உலகு உள்ள வந்தா. பெரிய மனுசர் பாதிச் சோத்துல எந்திரிச்சு நின்னு, "அம்மா"ன்னாரு. அவ ஒரு நிமிசம் பாத்தா. "உக்காந்து சாப்பிடுடா"ன்னா. பதினேழு வயசுப் பிள்ளைக்கு எழுவது வயசு மகன், அவளுக்கு அதுல ஒரு தடுமாட்டமும் இல்ல.

தடுமாட்டமெல்லாம் எனக்குத்தான். அவர என்னன்னு கூப்பிடுறது. பேரச் சொல்லலாம்னா, தாத்தா பேரத்தான் பேரனுக்கு விட்டிருக்கு. கட்டுன புருசன் பேர நான் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல, உங்களுக்கு வேணும்னா தங்கத்துக்கு இன்னொரு பேரு சொல்லி அதோட சாமியச் சேத்துக்கிடுங்க. வாடா போடாங்கலாம்னா நரைச்ச தலை விடல. வாங்க போங்கன்னா, பேரனுக்கு மரியாதையப் பாருன்னு தெரு சிரிக்கும். அதனால நான் ரெண்டுக்கும் போகாம, காப்பி ஆறுது, இலை போட்டாச்சு, வேட்டி காஞ்சிட்டுன்னு சுவரப் பாத்துச் சொல்ல ஆரம்பிச்சேன். பேரன் சொன்னாரு, பேரன் குளிச்சாருன்னு என் பேச்சே கோணலாப் போச்சு. ஆடி வெள்ளியன்னைக்கு அவரு தாத்தா கால்ல விழுந்தாரு. விழுந்தவருக்கு முட்டி பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியல. தூக்கிவிடக் குனிஞ்ச இவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் ஒருத்தர் கால ஒருத்தர் பிடிச்ச வாக்குல கிடந்தாக. யாரு யாருக்குத் திருநீறு பூசுறதுன்னு தெரியாம, நான் ரெண்டு பேருக்கும் பூசி விட்டேன்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மா சீனி கடன் கேக்க வந்தவ பாத்துட்டுப் போனா, சாயங்காலம் தெருவே எங்க வீட்டு முன்கட்டு பட்டாசால்ல உக்காந்திருந்துச்சு. இது எப்படி நடந்துச்சுன்னு ஒருத்தர் கேக்கல. எங்க வீட்டுப் பேரன் ஏன் வரலன்னுதான் கேட்டாக. தங்கம் என்னா விலை போகும், மனை எந்தப் பக்கம் ஏறும், சீட்டுப் போட்டது கைக்கு வருமான்னு ஆளாளுக்குக் கேட்டாக. அவரோ, "ஏறும், எறங்கும், நம்ம கையில என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டு, இந்த ஊர்ல முட்டி வலிக்கு நல்ல தைலம் எங்க கிடைக்கும்னு திருப்பிக் கேட்டாரு. பேச்சியம்மாதான் கண்டுபிடிச்சுச் சொன்னா, சம்முவடிவு வீட்டுல பொறவாசல் இருக்கு, நம்ம வீடுகள்ல அது இல்லைல்லான்னு. அவ்வளவுதான், தெரு முழுக்கக் கொத்தனாருக்கு வேலை. பின்னால சந்து இருக்குற எங்க வீட்டத் தவிர, எங்க தெருவும் பின்தெருவும் முதுகோட முதுகு ஒட்டுன வீடுக, பின்சுவர இடிச்சவுகளுக்குப் பின்தெருக்காரவுக அடுப்படிதான் திறந்துச்சு. பேரன் வருவான்னு வாசல் வச்ச இடத்துல அடுத்த வீட்டு அம்மா கரண்டியோட நின்னா. ஒரு பேரனும் வரல, சண்டைதான் வந்துச்சு. ஆனாலும் யாரும் அந்த வாசல்கள அடைக்கல, பின்னால உதவும்னு விட்டுட்டாக.

இதுக்குள்ள எங்க வீட்டு மனுசனுக்குப் புதுசா ஒரு கவலை. முதல் பேரனுக்கு அப்பாவோட அப்பா பேரத்தான் விடுவாக, அடுத்தவனுக்குத்தான் அம்மாவோட அப்பா பேரு வரும், அப்படின்னா வந்திருக்குறது ரெண்டாமவன்லா, மூத்தவன் எங்கன்னு பிடிச்சுக்கிட்டாரு. "அண்ணன் வரமாட்டான் தாத்தா, அவனுக்கு நடக்க முடியாது"ன்னு பேரன் சொன்னாரு. இவருக்குக் கண்ணு கலங்கிட்டு. ஐயோ, மூத்தவனுக்கு நான் ஒண்ணுமே போடலயேன்னு சொல்லி, மறுநாளே நகைக்கடையில ஒரு சீட்டுல சேந்துட்டு வந்தாரு. இந்த வீட்டுல உயிரோட இருக்குற பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வழியில்ல. நான் தலையில அடிச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போனேன், அங்க ஒழுகிக்கிட்டு இருந்துச்சு.

கல்யாணத் தரகர் சொக்கையா கட்டுக்கட்டா ஃபோட்டோவோட வந்து சேந்தாரு. பேரன் முகத்துல பாதி உலகு, மீதி எவன் முகமோ அவன்தான் மாப்பிள்ளை, தேடுறதுக்கு இதவிட வசதி உண்டாங்குறாரு. பேரன உக்கார வச்சு, மூக்குக்கு நேரா ஒவ்வொரு ஃபோட்டோவாப் பிடிச்சுப் பாத்தாரு. கடையநல்லூர் மாப்பிள்ளைக்கு மூக்கு சரி, காது சேரல. புளியங்குடி மாப்பிள்ளைக்குக் காது சரி, தாடை இடிச்சுச்சு. "உங்க அப்பா யாருன்னு நீங்களே சொல்லிருங்களேன்"ன்னு சொக்கையா கெஞ்சினாரு. "அத அம்மாகிட்டல்லா கேக்கணும்"ன்னு பேரன் சொல்லிட்டாரு. உலகு அந்த ஃபோட்டோவெல்லாம் வாங்கி, மிக்ஸி ஸ்க்ரூ உருண்டு ஓடாம இருக்க அடியில விரிச்சு வச்சா.

ஒரு நாள் இவரு பேரனக் கூட்டிக்கிட்டு மனையக் காட்டப் போனாரு. நானும் கூடப் போனேன், என் சங்கிலியும் வளையலும் எப்படி இருக்குன்னு பாக்க. சுவருக்குள்ள சீமைக்கருவேலம் தலைக்கு மேல வளந்து நின்னுச்சு. இவரு இரும்புக் கேட்டத் திறந்து, உனக்குத்தான், எல்லாம் உனக்குத்தான்னு கையக் காட்டுனாரு. பேரன் சாவகாசமாச் சுத்திப் பாத்துட்டு, "தெரியும் தாத்தா, இத நான் அப்படியே வச்சிருக்கேன்"ன்னாரு.

"கட்டலயா"ன்னு கேட்டேன், அப்பவும் சுவரப் பாத்துத்தான்.

"எப்படி ஆச்சி கட்ட. அது என் பேரனுக்குல்லா."

எங்க வீட்டு மனுசன் அவரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. என் ரத்தம், என் ரத்தம்னு முதுகுல தட்டுனாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுவர அப்பவே இடிச்சுத் தள்ளியிருப்பேன். இந்த மனுசன் பேரனுக்குன்னு வச்சாராம், பேரன் அவன் பேரனுக்குன்னு வச்சானாம், அவன் அவனோட பேரனுக்கு வைப்பான். உலகம் அழியுற மட்டும் ஒருத்தனும் அங்கன ஒரு வேளை சோறு பொங்கித் திங்கப்போறதில்ல. கருவேலமரம்தான் வாழும், அதுக்குத்தான் நான் கழுத்தக் காலியா வச்சிக்கிட்டு நிக்கேன்.

ஆடி முடியப்போற சமயம் வந்துட்டு. உலகு கேக்குறதையே நிறுத்திட்டா, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. தலை சீவுறா, தண்ணி எடுக்குறா, நான் சொன்ன வேலையச் செய்யுறா. மிக்ஸியக்கூட மாட்டி வச்சிட்டா. அன்னைக்கு எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கையில நான் கரண்டியக் கீழ வச்சிட்டு இவரக் கேட்டேன்.

"அந்த மனை யாருக்குச் சொந்தம்?"

"பேரனுக்கு. எத்தன தடவ சொல்ல."

"பேரன் இந்தா இருக்காருல்லா. விக்கலாமா கூடாதான்னு அவரையே கேளுங்க."

இவரு வாயத் திறக்குறதுக்குள்ள பேச்சியம்மா, அவ எப்ப வந்து வாசல்ல நின்னான்னு தெரியல, "கூறோடதான் பேசுதியா சம்முவடிவு, பிள்ளை மெட்ராசு போனா அங்கன எவனையாவது கட்டுவா, இந்த மூக்கும் முழியும் பொறவு எப்படி வரும்"ன்னா. அது நிசந்தான். இத்தன நாளாச் சுவரப் பாத்துப் பேசினாலும், அந்த மனுசருக்குக் காப்பியில சீனி தூக்கலா இருக்கணும்னு என் கைக்குப் பழகிப்போயிருந்துச்சு. எங்க வீட்டு மனுசனுக்கு அது போதுமே. "கேட்டியா, என் பேரன இல்லாம ஆக்கச் சொல்லுதியா"ன்னு சத்தம் போட்டாரு.

பேரன் வேட்டி நுனியால முகத்தத் துடைச்சாரு. அவருக்கும் பயந்தான். இலையில இருந்த சோத்தப் பாத்துக்கிட்டே பேசினாரு.

"தாத்தா, எங்கம்மாவுக்கு ஏரோப்பிளேன் சத்தம் கேட்டா உக்கார முடியாது. அடுப்புல எது கிடந்தாலும் விட்டுட்டு வாசலுக்கு ஓடிருவா. அது போயி மறைஞ்ச பொறவும் அங்கனயே நிப்பா. உள்ள சோறு கருகிரும். நானும் அண்ணனும் கருகின சோறு தின்னுதான் வளந்தோம். ஏம்மா இப்படி நிக்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லடா, சும்மாதான்னுவா. சாகுற வரைக்கும் சும்மாதான்னுட்டுப் போயிட்டா."

ஓட்டுத் தண்ணி மட்டும் சட்டியில விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

"வித்துருங்க தாத்தா"ன்னாரு.

உலகு இலைய விட்டு எந்திரிச்சு வந்து அவரு பக்கத்துல உக்காந்தா. "நீ வராமப் போயிட்டேன்னா என்னடா செய்வ"ன்னு கேட்டா. அவளுக்குக் கண்ணுல தண்ணி நிக்குது.

"வந்தேன்னா நல்ல சோறு திம்பேன்லாம்மா"ன்னாரு அவரு.

எங்க வீட்டு மனுசன் கையக் கழுவிட்டு வெளிய போனாரு. கடையில போயி ஒரு பித்தளை அண்டாவத் திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டு இருந்தாராம். சாயங்காலம் வந்து, "அவன் சொத்து, அவன் விக்கச் சொல்லுதான், நான் யாரு தடுக்க"ன்னு சொல்லிட்டு, பக்கத்து மனைக்காரருக்குப் போனப் போட்டாரு. அவ்வளவு பெரிய மனுசன் போன வச்சிட்டு அழுதாரு. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, இத ஒரு மாசத்துக்கு முன்னாடியே செஞ்சிருந்தா என்னன்னு கோவமாவும் இருந்துச்சு.

உலகு ரயிலேறுற அன்னைக்குத் தெருவே ஸ்டேசனுக்கு வந்துட்டு, அவள வழியனுப்ப இல்ல, அவரு எப்படி மறையுறாருன்னு பாக்க. பேரன்தான் அம்மா பெட்டியச் சுமந்துக்கிட்டு வந்தாரு. ரயில் நகந்துச்சு, எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு அவரப் பாத்தாக. ரயில் போயே போச்சு. அவரு அங்கனயேதான் நின்னாரு. "ஆச்சி, இங்கன வடை நல்லாருக்குமா"ன்னு கேட்டாரு. பேச்சியம்மாவுக்கு ஆட்டோக்காசு வீணாப்போன வருத்தம், வீடு வர வரைக்கும் முணங்கிக்கிட்டே வந்தா.

அவரு மறையல, ஆனா மாற ஆரம்பிச்சாரு. ஒரு நாள் காப்பி கொண்டு போனா, முன்ன இருந்த மூக்கு இல்ல, நீளமா வேற மூக்கு. அடுத்த மாசம் மூக்கு சப்பையாகி, சுருட்டை முடி வந்துட்டு. ஒரு தடவ கன்னத்துல குழி, ஒரு தடவ மீசை செம்பட்டை. மெட்ராசுல உலகு யாருகிட்டச் சிரிச்சுப் பேசுறாளோ அவன் முகம் இங்க இவரு முகத்துல வந்து உக்காந்துக்கிடும்னு தெருவுக்குப் புரிஞ்சு போச்சு. பேச்சியம்மா தினமும் விடிஞ்சதும் வந்து பாத்துட்டுப் போவா. நான் போனப் போட்டு, "ஏட்டி, யாரு அந்தச் சுருட்டை முடி"ன்னு கேட்டா, "உனக்கு எப்படிம்மா தெரியும்"னுவா. ரெண்டு நாள்ல சுருட்டை நிமுந்துரும். தரகர் சொக்கையா நொந்துபோயி ஃபோட்டோவெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. பேரன் கண்ணாடியில தன் முகத்தப் பாத்து, இன்னைக்குப் பரவாயில்ல ஆச்சிம்பாரு, இல்லன்னா இது சரியில்ல ஆச்சிம்பாரு. எழுவது வயசு மனுசருக்கு ஷேவிங் பண்ண மாசம் ஒரு புதுத் தாடை.

படிப்பு முடிஞ்சு, உலகுக்கு வேலையும் கிடைச்சுட்டு. அதுக்குப் பொறவு அவரு முகத்துல மாத்தம் நின்னுபோச்சு. ஒரு நாள் காலையில பாத்தேன், வேற யாரு சாயலும் இல்ல, முழுக்க உலகு முகம், நரைச்ச தலையோட. அதே முகத்தோட அப்படியே இருந்தாரு. வெயில்ல நின்னா நிழல் கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சுது. "அம்மாவுக்கு இப்ப எனக்கெல்லாம் நேரமில்ல ஆச்சி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்"ன்னாரு.

அந்த வாரம் உலகு போன்ல, "அம்மா, நான் கை வச்சுச் சரி பண்ணுன பிளேன் இன்னைக்கு மத்தியானம் நம்ம ஊருக்கு மேல போவும், பாரு"ன்னா. நான் என்ன சின்னப் பிள்ளையான்னு போன வச்சிட்டு உலையில அரிசியப் போட்டேன். சோறு கொதிக்கையில சத்தம் கேட்டுச்சு. கரண்டி எங்க விழுந்துச்சுன்னு தெரியாது, முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டே பொறவாசலுக்கு ஓடிட்டேன். மலைக்கு மேல வெள்ளையா, சின்னதாப் போச்சு. என் சங்கிலி, என் வளையல், அவ்வளவும் அங்கன பறந்து போற மாதிரி இருந்துச்சு எனக்கு. அது மறைஞ்ச பொறவும் நின்னேன். உள்ள இருந்து வாடை வந்த பொறவுதான் நினைப்பு வந்துச்சு.

அடிப்பிடிச்ச சோத்த எடுத்துத் தூரப் போடப் போனேன். அவரு கையப் பிடிச்சுத் தடுத்தாரு. இலை போடச் சொல்லி, அந்தக் கருகின சோத்த ரெண்டாம் தடவ கேட்டு வாங்கித் தின்னாரு. எங்க வீட்டு மனுசனும் எதிர்ல உக்காந்து அதையே தின்னாரு. சாப்பிட்டு முடிச்சுக் கையக் கழுவி, மஞ்சப்பைய எடுத்துக்கிட்டு, தாத்தாகிட்டச் சொல்லிட்டு, அவரு என் முன்னாடி வந்து நின்னாரு.

"போயிட்டு வாரேன், ஆச்சி."

நான் அன்னைக்குச் சுவரப் பாக்கல. அவன் முகத்தத்தான் பாத்தேன்.

"போயிட்டு மெதுவா வாடா"ன்னேன். "ஒண்ணும் அவசரமில்ல."

சிரிச்சான். கதவத் தூக்கித் திறந்துக்கிட்டுப் போயிட்டான். மூத்தவனுக்குன்னு சீட்டுல எடுத்து வச்ச நகைய வித்து, இவரு முணங்கிக்கிட்டேதான் அடுப்படிக்குப் புது ஓடு போட்டாரு, சாரலுக்கு இப்ப ஒழுகல. வந்த தச்சர் பொறவாசல் கதவையும் பாத்துட்டு, உப்பியிருக்கும்மா, ரெண்டு இழை சீவி விட்டா லேசாத் திறக்கும்னாரு. அதுல கை வச்சா நடக்குறதே வேறன்னு சொல்லி, காப்பியக் குடுத்து அனுப்பிட்டேன்.